நான்கு பேர் என்று சொல்வோம்

ஓசூரிலிருந்து பாகலூரைத் தாண்டிப் போகும் டவுன் பஸ்ஸில் பதினோரு வருஷமாகப் போய் வருகிறேன். எங்கள் தொடக்கப் பள்ளியில் ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள். நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில் என் பொறுப்பில் இருக்கின்றன. ஒரு பக்கத்துக்குப் பின்னக் கணக்குப் போட்டுக்கொடுத்துவிட்டு மறுபக்கத்துக்குச் சொல்வதெழுதுதல் நடத்த வேண்டும். நடுவில் போனில் வருகைப் பதிவு, சீருடை அளவு, இன்றைக்குள் ஏற்றிவிடுங்கள் என்று வந்துகொண்டே இருக்கும் குறுஞ்செய்திகள். போன வருஷம் பள்ளி திறந்து இரண்டு மாதத்துக்குள்ளேயே எனக்குத் தொண்டை கட்டிப்போய், சைகையிலும் கரும்பலகையிலும் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

பிள்ளைகளைக் கவிதை எழுத வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை ஒன்றும் இருந்ததில்லை. ஒரு பயிற்சி வகுப்பில் சொல்லி அனுப்பினார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன்னைப் பற்றி, குடும்பத்தைப் பற்றி, வீட்டைப் பற்றிச் சொந்தமாக எழுத வேண்டும்; அதை வகுப்புச் சுவரில் ஒட்டிப் பெற்றோர் கூட்டத்தன்று காட்ட வேண்டும். இதுவும் ஒரு வேலை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

முதல் நாள் முப்பத்தொரு நோட்டிலும் கிட்டத்தட்ட ஒரே கவிதைதான் இருந்தது. அம்மா அன்பானவள், அப்பா பண்பானவர், எங்கள் வீடு கோயில். திருத்த அதில் ஒன்றுமில்லை. டிக் போட்டுத் தந்து அத்தோடு விட்டிருக்கலாம். ஏனோ மறுநாள், குரல் வராத தொண்டையோடு, கரும்பலகையில் ஒரு கேள்வி எழுதினேன்: காலையில் கண் விழித்ததும் முதலில் என்ன சத்தம் கேட்கும்?

கம்பெனி பஸ்ஸின் ஹாரன் என்று ஆறேழு பேர் சொன்னார்கள். பக்கத்து வீட்டு மோட்டார் என்றாள் ஒருத்தி. அப்பா கொட்டாவி விடும் சத்தம் என்று ஒரு பையன் சொல்ல, வகுப்பே சிரித்தது. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், சிலர் கன்னடம். வீட்டில் சொல்லும் வார்த்தையைத் தமிழ் எழுத்தில் அப்படியே எழுதலாம் என்று சொன்னதும் கைகள் மேலே எழுந்தன. தண்ணீரை ஒருவன் நீள்ளு என்றான், ஒருத்தி நீரு என்றாள். அந்த ஒரு மணி நேரம் எனக்குத் தொண்டை வலி மறந்துபோயிருந்தது.

ஐந்தாம் வகுப்பில் அதிகம் பேசாத ஒரு பெண் இருந்தாள். நாட்றாம்பாளையம் பக்கத்து மலைக் கிராமத்திலிருந்து இரண்டு வருஷத்துக்கு முன்னால் குடும்பத்தோடு வந்தவள். அப்பாவுக்கு வார்ப்புக் கம்பெனியில் நிரந்தரமாக நைட் ஷிப்ட், அம்மாவுக்குத் துணி தைக்கும் கம்பெனியில் பகல் வேலை. பள்ளிக்குப் பின்னால் வரிசையாக ஒரே கூரையின் கீழ் கட்டியிருக்கும் பன்னிரண்டு லைன் வீடுகளில் ஒன்றில் இருந்தார்கள். ஒரு அறை, ஒரு சமையல் மேடை, ஒரு பாத்ரூம். அவள் எழுதியது இது:

எங்கள் வீட்டில் ஒரு கட்டில்.
பகலில் அப்பா தூங்குவார்.
இரவில் அம்மாவும் தம்பியும் தூங்குவார்கள்.
கட்டிலுக்குத் தூக்கமே இல்லை.
கீழே நான், சித்தி, சித்தப்பா, பாப்பா.
பாப்பாவின் கால் என் வயிற்றின் மேல்.
ஓனர் வந்தால் சித்தி பாப்பாவோடு பாத்ரூமில் ஒழிந்துகொள்வாள்.
நாங்கள் நான்கு பேர் என்று சொல்வோம்.

சாயங்கால பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் இதைப் படித்தேன். கட்டிலுக்குத் தூக்கமில்லை என்ற வரியில் நின்றுவிட்டேன். பத்து வயசுப் பெண்ணுக்கு இது எங்கிருந்து வந்தது என்று அதையே திரும்பத் திரும்பப் படித்தேன். கடைசிக்கு முந்தின வரியில் 'ஒழிந்து' என்று இருந்ததை அடித்து, சிவப்பு மையில் 'ஒளிந்து' என்று எழுதினேன். அந்த வரியில் நான் பார்த்தது அந்த ஒரு எழுத்தைத்தான்.

மறுநாள் அவளைக் கூப்பிட்டு, பெரிய வெள்ளைத் தாளில் அழகாக எழுதித் தரச் சொன்னேன். தாளை வாங்கியவள் போகாமல் நின்றாள்.

“எல்லாமே எழுதணுமா டீச்சர்?”

“எல்லாமே எழுது. உண்மைய எழுதுனதாலதான் இது நல்லாருக்கு.”

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அன்று என் மேஜைமேல் இன்னும் முப்பது நோட்டுகள் கிடந்தன. அவள் ஏன் கேட்டாள் என்று நான் யோசிக்கவில்லை.

பெற்றோர் கூட்டம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் நடந்தது. கம்பெனிக்குப் போகிறவர்கள் வர முடியாது, ஆகவே வந்தவர்கள் இருபது பேர்கூட இல்லை. பிள்ளைகள் கூச்சப்படக் கூடாதென்று தாள்களில் பெயர் போடாமல் வரிசை எண் மட்டும் போட்டிருந்தேன். லைன் வீடுகளின் ஓனர் வந்திருந்தார். உள்ளூர் விவசாயி, அறுபது வயசிருக்கும். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பார். அவர் பேத்தி இரண்டாம் வகுப்பில் இருந்தாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு தாளாக உதடசைத்துப் படித்துக்கொண்டே வந்தவர், அவளுடைய தாளின் முன்னால் நெடுநேரம் நின்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அன்றைக்கு ஒருவராவது நின்று படிக்கிறாரே என்று பக்கத்தில் போய், நன்றாக இருக்கிறதல்லவா என்று கேட்டேன். நன்றாக இருக்கிறது மேடம், யார் பிள்ளை என்றார். நான் சொன்னேன். பெருமையாகவே சொன்னேன். அந்த வரிசையில் மூன்றாவது வீடு என்றுகூடச் சொன்னேன்.

நாலு நாள் கழித்து, காலைச் சிற்றுண்டி நேரத்தில், அவள் அம்மா வந்தாள். கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வாசல் பக்கமாகவே நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நடந்ததை அவள் சத்தம் போடாமல்தான் சொன்னாள். ஓனர் ஞாயிற்றுக்கிழமை வந்திருக்கிறார். பாத்ரூம் கதவைத் தட்டித் தங்கச்சியை வெளியே கூப்பிட்டிருக்கிறார். மாசக் கடைசிக்குள் அவர்கள் போக வேண்டும், இல்லாவிட்டால் எல்லோரும் போக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தங்கச்சி புருஷனுக்கு வேலை கிடைத்து மூன்று மாசம்கூட ஆகவில்லை.

பிறகு சொன்னாள்.

“எம்புள்ள எழுதுனது பொய்யில்ல டீச்சர். ஆனா வீட்டுக்குள்ள நடக்கறதுக்கெல்லாம் செவுத்துல எடம் வேணுமா?”

பெண்ணை அடித்துவிட்டதாகவும் சொன்னாள். கையால் ஒரே ஒரு அடி. அடித்திருக்கக் கூடாது என்று அவளுக்கே தெரிந்திருந்தது. அதற்குள் ரோட்டில் ஹாரன் கேட்டு ஓடினாள். நான் வகுப்புக்குள் போய் அந்தத் தாளைச் சுவரிலிருந்து பிரித்தெடுத்தேன். பசை நன்றாகப் பிடித்திருந்தது, ஒரு மூலை கிழிந்தது.

அன்று சாயங்காலம் பஸ்ஸை விட்டுவிட்டு ஓனர் வீட்டுக்குப் போனேன். மரியாதையாகத்தான் நடத்தினார். நாற்காலி போடச் சொன்னார், காபி வந்தது. போர் தண்ணீர் இறங்கிவிட்டதாம், ரெண்டு நாளைக்கு ஒரு தடவை டேங்கர் வண்டி வருகிறதாம், ஒரு வீட்டில் ஏழு பேர் இருந்தால் மற்ற பதினோரு வீட்டுக்காரர்களும் தன்னிடம்தான் சண்டைக்கு வருவார்களாம். எதுவும் பொய்யாகத் தோன்றவில்லை. தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மறைத்ததுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது என்றார்.

“சொல்லிக் கேட்டிருந்தா இருக்க விட்டிருப்பீங்களா?” என்றேன்.

அவர் சொம்பை எடுத்துக் கொஞ்சம் தண்ணீர் குடித்தார். “இல்ல மேடம்,” என்றார்.

பிள்ளையை இதற்காகத் திட்டாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டு வந்தேன். பிள்ளை மேல் தனக்குக் கோபமே இல்லை, நன்றாகத்தான் எழுதியிருக்கிறது என்றார். அதைக் கேட்டபோது எனக்கு இன்னும் சோர்வாக இருந்தது. மெயின் ரோடு வரைக்கும் நடந்து, கூட்டமான பஸ்ஸில் நின்றுகொண்டே ஓசூர் வந்து சேர்ந்தேன். வீட்டில் யார் கேட்டதற்கும் பதில் சொல்லவில்லை. தொண்டை வலி என்று நினைத்து விட்டுவிட்டார்கள்.

மாசக் கடைசியில் சித்தியும் சித்தப்பாவும் பாப்பாவும் கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம், அத்திப்பள்ளி அருகே ஒரு ஷெட்டுக்குக் குடி போனார்கள். சித்தப்பாவின் வேலை தப்பித்தது. ஆனால் தினமும் இரண்டு பஸ் மாறி வர வேண்டியதாயிற்று. அந்தப் பெண் ஒரு நாள்கூட லீவு போடாமல் பள்ளிக்கு வந்தாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள், வீட்டுப்பாடம் முடித்துக்கொண்டு வந்தாள். நீங்கள்தானே எழுதச் சொன்னீர்கள் என்று அவள் கேட்பாள் என நான் பல நாள் எதிர்பார்த்தேன். கேட்கவே இல்லை. கடைசியில் நானே ஒரு மத்தியானம் அவளைத் தனியாக உட்காரவைத்து, தப்பு உன்னுடையது இல்லை, என்னுடையது, நான் படிக்க வேண்டிய மாதிரி படிக்கவில்லை என்று சொன்னேன். “பரவால்ல டீச்சர்,” என்றாள். வேலைக்குப் போய் வரும் பெரிய மனுஷி சொல்வதுபோல இருந்தது.

மிச்சமிருந்த தாள்களையும் அந்த வாரமே எடுத்துவிட்டேன். பார்வையிட வந்த அதிகாரி சுவர் ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டார். வெள்ளையடிக்கப் போகிறோம் என்று சொல்லிச் சமாளித்தேன். ஆனால் எழுதுவதைப் பிள்ளைகள் விடவில்லை. சிலர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்து காட்டினார்கள். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

முழு ஆண்டுத் தேர்வுக்கு முந்தின வாரம் அவளும் ஒரு தாளை மடித்துக்கொண்டு வந்தாள். இதை ஒட்ட வேண்டாம் டீச்சர் என்று முதலிலேயே சொன்னாள். மூன்றே வரி இருந்தது.

கீழே இப்போது நிறைய இடம் இருக்கிறது.
நான் உருண்டு உருண்டு படுக்கிறேன்.
பாப்பா படுத்த பக்கம் மட்டும் போக மாட்டேன்.

இரண்டு தடவை படித்தேன். வேறு யாரிடமாவது காட்டினாயா என்று கேட்டேன்.

“சித்திக்குப் போன்ல படிச்சுக் காட்டுனேன்.”

“சித்தி என்ன சொன்னாங்க?”

“அழுதுச்சு. அப்புறம் இன்னொரு வாட்டி படின்னுச்சு.”

தாளை மடித்து அவளிடம் கொடுத்தேன். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, தம்பியைக் கூட்டிப் போக வேண்டும் என்று கிளம்பினாள். நான் மேஜைமேல் கிடந்த வினாத்தாள் கட்டுகளை எண்ணி பீரோவில் வைத்துப் பூட்டினேன்.