புக்கிட் செரோஜாவின் உயரம் நான்கு படி

தாமான் புக்கிட் செரோஜாவில் செரோஜாவும் கிடையாது, புக்கிட்டும் கிடையாது. தாமான் என்றால் குடியிருப்பு, செரோஜா என்றால் தாமரை, புக்கிட் என்றால் குன்று. தாமரையையாவது வளர்த்திருக்கலாம், மழைக்காலத்தில் அவ்வளவு தண்ணீர் நிற்கும். குன்றுக்குத்தான் வழியே இல்லை. பள்ளத்தில் வீடு கட்டியவர்கள் பள்ளம் என்று பெயர் வைத்தால் ஒரு வீடுகூட விற்காது என்று தெரிந்து, வாய்க்கு வந்த உயரத்தைப் பலகையில் எழுதி நட்டுவிட்டுப் போய்விட்டார்கள். குடியிருக்கும் தமிழர்கள் தங்களுக்குள் அதைப் பள்ளத்தாமான் என்றுதான் சொல்வார்கள். கடிதம் போடும்போது மட்டும் புக்கிட்.

அந்தப் பள்ளத்திலேயே ஆகப் பள்ளமான இடத்தில் நிற்கும், டேவான் என்கிற பொது மண்டபத்தைப் பதினோரு வருடமாகப் பெருக்கித் துடைப்பவள் கஸ்தூரி. பண்டார் தெங்காரா பக்கம் செம்பனைத் தோட்டத்தில் பிறந்து, லெட்சுமணனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவள். அவர் தொழிற்சாலை பஸ் ஓட்டியவர். இருபத்தாறு வருடம் ஆட்களை ஏற்றிக்கொண்டு சிங்கப்பூர்ப் பாலத்தைத் தாண்டிப் போய்த் திரும்பியவர், ஒரு நாள் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே சரிந்தார். வலது பக்கம் போனது. பேச்சும் போனது. மிச்சமாக அவர் நாக்கில் தங்கியது இரண்டே இரண்டு. ஒன்று மனைவியின் பெயர். மற்றொன்று எண்கள்.

அந்த எண்கள் கஸ்தூரிக்கு இன்றைக்கும் மறக்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஜனவரியில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. லாரியில் வந்த மீட்பு ஆட்கள் எல்லாரையும் மண்டபத்துக்குப் போகச் சொன்னார்கள். போனார்கள். பின்னாலேயே தண்ணீரும் வந்தது. நான்கு ஆம்பளைகள் லெட்சுமணனைச் சக்கர நாற்காலியோடு தூக்கி மண்டபத்து மேடையில் வைத்தார்கள். மேடைக்கு நான்கு படிகள். நாற்காலியில் உட்கார்ந்தபடி அவர் படிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் படி முழுகியதும், "ஒண்ணு" என்றார். மதியத்துக்குள், "ரெண்டு." படகு வந்து ஜன்னல் வழியாக அவரை இறக்கும்போது, "கஸ்தூரி, மூணு" என்றார். கட்டிய நாளிலிருந்து எதற்கும் பயப்படாத மனுஷனின் கண்ணில் அன்றைக்குத்தான் அவள் பயத்தைப் பார்த்தாள்.

இவ்வளவு நடந்த இடத்தைப் பற்றித்தான் மாநகர் மன்றம் ஆராய்ச்சி செய்ய ஆள் அனுப்பியது. 2040 வரைக்குமான பெருந்திட்டத்தைத் திருத்துகிறார்களாம். பருவநிலை மாறுகிறதாம், அதைத் தாங்கி மீளும் மாநகராக இது ஆக வேண்டுமாம். ஆலோசனை நிறுவனத்திலிருந்து ரூபேந்திரன் என்ற இளைஞன் வந்தான். இஸ்திரி கலையாத சட்டை, கையில் டேப்லட், காலில் சேறே பார்க்காத வெள்ளைச் சப்பாத்து. தமிழ் தெரிந்தவன் என்றுதான் அவனை இந்தத் தாமானுக்கு அனுப்பியிருந்தார்கள். ஆங்கிலத்தில் படித்து, தமிழை வீட்டுத் தொலைக்காட்சியில் கற்றவன். வெள்ளத்தைப் பற்றிக் கேட்க அவன் தேடிப் போனது வெள்ளத்தில் நனைந்த யாரையும் அல்ல. குடியிருப்போர் சங்கத் தலைவர் குணாளனை.

குணாளனின் வீடு மேட்டுத் தெருவில் இருக்கிறது. அவர் கால் நனைந்தது கார் கழுவும்போது மட்டும்தான். மாலை எங்கே விழுகிறதோ அங்கே அவர் கழுத்து இருக்கும்.

"வெள்ளம்லாம் ஒரு விஷயமே இல்ல தம்பி" என்றார் மண்டப வாசலில் நின்று. "டேவான்ல மேடை இருக்கு. தண்ணி வந்தா எல்லாரும் மேல ஏறிக்குவாங்க. முடிஞ்சிச்சி."

"மேட... ஓகே அங்கிள். உயரம்தானே?"

"நல்ல உயரம்லா."

ரூபேந்திரன் டேப்லட்டில் தட்டிக்கொண்டான். பக்கத்திலேயே கஸ்தூரி பெருக்கிக்கொண்டிருந்தாள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. துடைப்பம் பிடித்த கைக்குத் திட்டம் தெரியுமா என்ன.

செப்டம்பரில் வரைவுத் திட்டத்தை மக்கள் பார்வைக்கு வைக்க அந்த மண்டபத்தையே தேர்ந்தெடுத்தார்கள். அதற்கு முதல் வாரம் சாயம் பூச ஆள் வந்தது. சுவரில் இடுப்பு உயரத்துக்குப் பழுப்புக் கோடாக நின்ற வெள்ளத்தின் அடையாளம் ஒரே காலையில் இளநீல நிறத்துக்குள் மறைந்தது. அதற்கு மேல் பலகைகளை வரிசையாக நிறுத்தினார்கள். விழா முடிந்து, பொட்டலத்து மீகூனைத் தின்று எல்லாரும் போன பிறகு, பலகைகளைத் துடைக்கும்போதுதான் கஸ்தூரி வரைபடத்தைப் பார்த்தாள். மண்டபத்தின் மேல் பச்சையாக ஒரு வீட்டுக் குறி. அந்த வெள்ளத்துக்குப் பிறகு, மேட்டில் நிற்கும் பள்ளிக்கூடத்தின் மேல் வைத்த குறியைக் காணோம்.

பலகையைக் கழற்றிக்கொண்டிருந்த ரூபேந்திரனைக் கேட்டாள்.

"பச்சை வீடுன்னா நிவாரண மையம் ஆண்டி. வட்டாரத்துக்கு ஒண்ணுதான். இனிமே இந்த ஏரியா ஆளுங்க எல்லாரும் இங்கதான் வரணும். ஸ்கூல் லிஸ்ட்ல இல்ல."

"இங்கயா? இங்க தண்ணி ஏறும் தம்பி."

"இல்ல ஆண்டி, இது உயரமான இடம். டேட்டாவுல இருக்கு." அவன் பொறுமையாகச் சிரித்தான். "பேருலயே புக்கிட் இருக்கு பாருங்க."

கஸ்தூரி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "உங்க பேருல ரூபம் இருக்கு, இந்திரன் இருக்கு. நான் எதாச்சும் கேட்டேனா?"

அவனுக்குப் புரியவில்லை. பாவம், டேட்டாவில் அது இல்லை.

வீட்டுக்கு நடக்கும்போது அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அடுத்த வெள்ளத்தில் லாரி வரும். தாள் சொல்கிற இடத்துக்குத்தான் ஏற்றிப்போகும். அதே மேடை, அதே நான்கு படி. இன்னும் பதினைந்து வருடத்துக்கு அதுதான் சட்டம். நான்காவது படியை அவர் எண்ணும்போது படகு வராமல் போனால்? வாசலில் உட்கார்ந்திருந்த லெட்சுமணன், "கஸ்தூரி" என்றார். அவர் தலையை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் நின்றாள். அழவில்லை. அழுவதற்குப் படிவத்தில் இடம் இல்லை. பிறகுதான் அவளுக்கு உறைத்தது, படிவம் என்று ஒன்று இருக்கிறதே. ஆட்சேபப் படிவம். பலகைக்குப் பக்கத்தில் ஒரு கட்டு வைத்திருந்தார்கள், யாரும் எடுக்கவில்லை.

சங்கத் தலைவரின் கையெழுத்தும் இருந்தால் பலம் என்று குணாளனிடம் போனாள்.

"உனக்கு என்னா பைத்தியமா?" என்றார் அவர். "நிவாரண மையம்னா டேவானுக்கு எயார்கோன் வரும், புதுக் கூரை வரும். கல்வெட்டு வைப்பாங்க. நான் ஒரு வருஷமா அலைஞ்சு வாங்கினது."

"கல்வெட்டு எந்த உயரத்துல வைப்பாங்க அண்ணே?"

"ஏன்?"

"முழுகாம இருக்கணும்ல. உங்க பேரு நனையக்கூடாது."

கையெழுத்துக் கிடைக்கவில்லை. அவள் தனியாகவே மூன்று வரி மலாயில் எழுதிப் போட்டாள். டேவான் மேட்டில் இல்லை, தண்ணீர் வரும், என் கணவரால் நடக்க முடியாது.

அக்டோபரில் விசாரணைக்கு அழைத்தார்கள். மாநகர் மன்றத்தின் எட்டாவது மாடி. மழையைப் பற்றிப் பேசுகிறவர்கள் மழை எட்டாத இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அறையில் குளிர் எலும்பைத் தொட்டது. விசாரணைக் குழுவுக்குத் தலைமை ஜொஹரா என்ற அதிகாரி. தங்காக்கில் துணிக்கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண் என்று பிறகுதான் தெரிந்தது. அதுவரைக்கும் கூட்டம் மலாயில் போனது. சங்கத்தின் சார்பில் குணாளனும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார், பாத்தேக் சட்டையில் மயில் விரித்தபடி.

கஸ்தூரியின் முறை வந்தது. அவள் சொன்னாள். ரூபேந்திரன் எழுந்து திரையில் ஒரு பக்கத்தைக் காட்டினான். மண்டபம் உயரமான நிலப்பகுதியில் அமைந்துள்ளது, உள்ளூர்த் தலைவரால் நேரில் உறுதி செய்யப்பட்டது.

ஜொஹரா கண்ணாடியைக் கழற்றினார். "யாரு உறுதி செஞ்சது?" என்று தமிழுக்கு மாறினார்.

"நான்தாங்க புவான்." குணாளன் எழுந்தார். பாராட்டு வருகிறது என்று நினைத்துவிட்டார் போலும்.

"டேவான் மேட்டுல இருக்குன்னு நீங்க சொன்னீங்களா?"

"மேடுன்னு சொல்லலியே. மேடை இருக்குன்னு சொன்னேன். நல்ல உயரமான மேடை. நாடகம் போடலாம், பட்டிமன்றம் வைக்கலாம்."

கஸ்தூரிக்குத்தான் முதலில் பிடிபட்டது. அவளை அறியாமல் ஒரு சிரிப்பு வந்தது. இரண்டு வருடமாக நெஞ்சில் கிடந்த சேறு அந்தச் சிரிப்போடு சேர்ந்து வெளியே வந்தது.

"தம்பி" என்றாள் ரூபேந்திரனைப் பார்த்து. "மேடைன்னா ஸ்டேஜ். மேடுன்னாதான் குன்னு. அவர் ஸ்டேஜைச் சொன்னாரு, நீங்க மலைன்னு எழுதிட்டீங்க."

ரூபேந்திரன் டேப்லட்டைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், தன் வெள்ளைச் சப்பாத்தைப் பார்த்தான். "அலமாக்" என்றான் மெதுவாக. "பேருலயும் புக்கிட் இருந்துச்சு..."

"அக்கா, அந்த மேடைக்கு எத்தனை படி?" ஜொஹரா கேட்டார்.

"நாலு, புவான். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி மூணு முழுகிடுச்சு. என் வீட்டுக்காரரு மேல உட்கார்ந்து எண்ணினாரு. அவருக்குப் பேச்சு வராது. எண்ண மட்டும்தான் வரும். நீங்க இந்தத் தாளை மாத்தலன்னா, அவரு மறுபடியும் எண்ணுவாரு. நாலுக்கு மேல எண்ண அங்க படி இல்ல."

திரையிலே இருபது வண்ணத்தில் எதிர்காலம் ஒளிர்ந்துகொண்டிருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. ஜொஹராவின் பேனா மட்டும் ஓடும் சத்தம் கேட்டது. மாநகரத்துக்கே அறிவு சொல்ல வந்த திட்டம், ஒரு ஐகாரத்தில் தடுக்கி விழுந்து கிடந்தது.

வெளியே லிப்டுக்கு நிற்கும்போது குணாளன் அவள் பக்கம் திரும்பாமலே, "என்னை அவ்வளவு பெரிய எடத்துல அவமானப்படுத்திட்ட" என்றார்.

"பெரிய எடம்தான் அண்ணே. எட்டு மாடி. உங்க மேடைக்கு நாலு படிதான்."

நவம்பரில் கடிதம் வந்தது. ஆட்சேபம் ஏற்கப்பட்டது. நிவாரண மையம் பள்ளிக்கூடத்துக்கே திரும்புகிறது. கஸ்தூரி அதை லெட்சுமணனுக்கு இரண்டு தரம் படித்துக் காட்டி, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். மன்னிப்பு என்று ஒரு சொல்கூட அதில் இல்லை. எழுத்துப்பிழை திருத்தப்பட்டது என்று மட்டும் இருந்தது. ஒரு தாமானையே மூழ்கடிக்கப் பார்த்தது அவர்களுக்கு எழுத்துப்பிழை.

அடுத்த வாரமே தாமான் நுழைவாயிலில் ஒரு பதாகை ஏறியது. பன்னிரண்டு அடி நீளம். 'பாதுகாப்பான நிவாரண மையம் பெற்றுத் தந்த தலைவருக்கு நன்றி. மீளும் மாநகர் 2040.' நடுவில் குணாளன் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். யார் நன்றி சொன்னது என்று கேட்டால், அச்சுக்குக் கொடுத்தவரும் அவரே.

திட்டம் அச்சாகும்வரை மழை காத்திருக்கவில்லை. டிசம்பர் மூன்றாம் வாரம், காலை பத்து மணிக்கே வானம் இருண்டது. பதினோரு மணிக்கு வாசலில் தண்ணீர். எப்போதும் இவ்வளவு சீக்கிரம் ஏறாதே என்று கஸ்தூரி எட்டிப் பார்த்தாள். காற்றில் அறுந்த பதாகை தெருமுனைப் பெரிய வடிகாலின் வாயில் போய் உட்கார்ந்திருந்தது. தலைவர் அங்கேயும் கைகூப்பியபடி, தண்ணீருக்கு வழிவிடாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவள் முழங்கால் தண்ணீரில் இறங்கி, இரண்டு கையாலும் இழுத்தாள். முதலில் வரவில்லை. இன்னொரு தரம் இழுத்ததும் பதாகை பிய்த்துக்கொண்டு வந்தது. அடைபட்டிருந்த தண்ணீர் குபுகுபுவென்று வடிகாலுக்குள் இறங்கியது. தூக்கி எறியப் போனவள், கையில் கிடந்ததைத் தடவிப் பார்த்தாள். நல்ல கனமான பிளாஸ்டிக். ஒரு சொட்டு நீர் இறங்காது.

அதை அலசி, நாற்காலியில் இருந்த லெட்சுமணனின் தலையிலிருந்து கால்வரை போர்த்தினாள். அவர் மடியில் மீளும் மாநகர் 2040. குணாளனின் முகம் அவர் முதுகுப்பக்கம்.

லாரி வந்தது. இந்த முறை மேட்டுச் சாலையில் ஏறியது. பள்ளிக்கூட வாசலில் படி கிடையாது, சக்கரம் ஏறுகிற சாய்தளம். அவள் நாற்காலியை மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டு போய், நான்காம் வகுப்பு அறையின் ஜன்னலோரம் நிறுத்தினாள். போர்வையை எடுத்தாள். உள்ளே அவர் சட்டை காய்ந்திருந்தது. கீழே, தூரத்தில், இளநீல மண்டபத்தின் கதவைத் தண்ணீர் தள்ளிக்கொண்டு உள்ளே போனது.

லெட்சுமணன் வெகுநேரம் அதையே பார்த்தார். அவர் உதடு அசைந்தது. எண்ணப் போகிறாரோ என்று கஸ்தூரி அவர் பக்கம் குனிந்தாள்.

"கஸ்தூரி" என்றார் அவர். அதற்குப் பிறகு எந்த எண்ணும் வரவில்லை.