மூச்சும் முதுகும்

கட்டபெட்டுப் பக்கம் ஓர் எஸ்டேட் ஃபேக்டரியில், தேயிலைத் தூள் சலிக்கும் அறையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தேன். பத்து நிமிஷம் நின்றாலே புருவம் பழுப்பாகிவிடும். போகப்போக வீசிங் வந்தது. மருந்துக்கடையில் கொடுத்த சின்ன வெள்ளை மாத்திரையைப் போட்டால் மறுநாளே நெஞ்சு லேசாகிவிடும். டாக்டரைக் கேட்காமல் வருஷக்கணக்கில் அதை விழுங்கினேன். முகம் உப்பியதைப் பார்த்து, உடம்பு தேறிவிட்டது என்றார்கள். நானும் நம்பினேன்.

ஐம்பத்து நாலு வயதில் ஒரு காலை, குளிக்கக் காய்ச்சிய தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கினேன். அரை வாளிகூட இருக்காது. முதுகில் ஏதோ நெரிந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மனைவி ஜீப் பிடித்து என்னைக் கோத்தகிரிக்குக் கொண்டுபோனாள். எக்ஸ்ரேயைப் பார்த்து, என்ன மருந்து சாப்பிடுகிறேன் என்று விசாரித்த டாக்டர், முதுகுத் தண்டில் ஓர் எலும்பு நசுங்கியிருக்கிறது, அந்த ஸ்டீராய்டு மாத்திரைதான் எலும்பை அரித்திருக்கிறது என்றார். இது பொம்பளைகளுக்கு வருவதாயிற்றே என்று மனைவி கேட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தி, வாயில் வைத்து உறிஞ்சுகிற இன்ஹேலர் மருந்துக்கு மாற்றினார்கள். வலி தணிந்ததும் பிசியோதெரபிக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். குனியக் கூடாது, இடுப்பைத் திருகக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்று முதலில் சொன்னாள். பிறகு சுவரில் முதுகு பதிய நிற்கவும், நாற்காலியைப் பிடித்துக் குதிகால் உயர்த்தவும், குப்புறப் படுத்து நெஞ்சை மட்டும் லேசாகத் தூக்கவும் பழக்கினாள். எஸ்டேட் லைன் வீட்டின் ஒற்றை அறையில் தினமும் இரண்டு வேளை செய்தேன். மூன்று மாதத்தில் பஸ் ஸ்டாப்பு வரை தனியாக நடந்தேன். அந்த மூன்று மாதம்தான் நம்பிக்கை என்று சொல்லிக்கொள்ள எனக்கு இருந்தது.

மழைக்காலம் வந்ததும் மூச்சு மறுபடி அடைத்தது. குப்புறப் படுத்தாலே திணறினேன். டாக்டர் கொடுத்த மருந்தை உறிஞ்சியும் போதவில்லை. ஒரு நாள் மனைவிக்குத் தெரியாமல் பழைய மாத்திரையை வாங்கினேன். அதைப் போட்டால் உடற்பயிற்சி செய்ய முடிந்தது. எந்த மாத்திரை எலும்பைத் தின்றதோ அதையே தின்று எலும்புக்குப் பயிற்சி செய்தேன். அந்தப் பெண் ‘நல்லாப் பண்றீங்கண்ணா’ என்று சொன்னபோது தலையாட்டினேன்.

கார்த்திகையில் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இருமல் வந்தது. வெறும் இருமல்தான். அதில் இரண்டாவது எலும்பும் போயிற்று.

மறுபடி அந்தப் பிசியோதெரபிப் பெண்ணிடம் போய் உட்கார்ந்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஃபைலை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள்:

“இனி பண்றது முதுக நிமுத்தறதுக்கில்லீங்கண்ணா. இருக்கறது இன்னும் ஒடையாம பாத்துக்கறதுக்குத்தான்.”

அதற்கும் பயிற்சி இருந்தது. முன்பு செய்ததில் பாதி. உட்கார்ந்து எழுவது, குனியாமல் செருப்புப் போடுவது, இருமல் வந்தால் முதுகை வளைக்காமல் எதையாவது பிடித்துக்கொள்வது. இப்போதும் செய்கிறேன். உயரம் குறைந்துவிட்டது. சட்டை முன்பக்கம் தொங்குகிறது.

என் மனைவி இன்னும் இலை பறிக்கப் போகிறாள். ஒரு சாயங்காலம் அவள் வாசலில் நின்று இடுப்பில் கையை ஊன்றி மெதுவாக நிமிர்ந்ததைப் பார்த்தேன். நீயும் ஒரு தடவை ஆஸ்பத்திரியில் காட்டு என்றேன்.

“காட்டுனா பாரம் தூக்காதேம்பாங்க. இலை மூட்டையத் தூக்காம என்னத்தைங்க பண்றது?”

மறுநாள் தூறல். பிளாஸ்டிக் தாளை இடுப்பில் சுற்றிக்கொண்டு, வழக்கம்போல ஏழு மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டாள்.