சென்சார் மேல் ஒட்டிய டேப்

ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் நான் லைன் லீடர். செய்த பாகங்கள் விழும் பெட்டி நிறைந்ததும் சென்சார் மிஷினை நிறுத்திவிடும். பெட்டியை மாற்றினால்தான் மறுபடி ஓடும். அந்த இரண்டு நிமிடம் வீணாகிறதே என்று சென்சார் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிடுவேன். பாகங்கள் நிரம்பி வழிந்து தரையில் சிதறும், டார்கெட் முடிந்துவிடும். வீட்டில் மனைவி மஞ்சுளாவிடம் இதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

போன வருஷம் அவளுக்கு மார்பில் கட்டி வந்தது. பரிசோதனையில் புற்றுநோய் என்று தெரிந்தது.

"செல்லை வளரச் சொல்ற ஜீனும் இருக்கு, போதும்னு நிறுத்துற ஜீனும் இருக்கு. இந்தக் கட்டியில நிறுத்துற ஜீன் வேலை செய்யல. அதான் செல் பெருகிக்கிட்டே போகுது" என்றார் டாக்டர்.

மஞ்சுளா என் பக்கம் திரும்பினாள். "இன்னாங்க, நீங்க சென்சார்ல டேப் ஒட்டுவீங்களே, அது மாரியா?"

குத்திக்காட்டவில்லை; புரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"கிட்டத்தட்ட அதேதான்மா" என்றார் டாக்டர்.

மறுநாள் டேப்பை உரித்தேன். லைன் அடிக்கடி நின்றது.

"இன்னாத்துக்குயா நின்னுச்சு?" என்று சூப்பர்வைசர் கத்தினார்.

"பெட்டி ரொம்பிடுச்சு சார். நிக்கணும்" என்றேன்.

மஞ்சுளாவுக்குச் சிகிச்சை நடக்கிறது. உரிக்க என் கைக்கு எட்டிய டேப் அது ஒன்றுதான்.