ஓ.டி. பேப்பரில் பிலோமினா எழுதிய பெயர்கள்

பிலோமினா போய்விட்டாள். காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் சொன்னார்கள்... விடிகாலையில் நெஞ்சுவலி, தர்மபுரி ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம்.

முந்தாநாள்கூட என் டிபன் பாக்ஸைத் திறந்து, "இன்னிக்கும் தக்காளிச் சோறா? பாலக்கோடு மார்க்கெட்டு தக்காளி பூராவும் உன் வூட்லதானா புள்ள?" என்று வம்புக்கு இழுத்தாள்.

அவளைத் தெரியாதவர்களுக்கு... ஓசூர் பக்கம் வண்டிகளுக்கு வயர் செட் கட்டும் கம்பெனியில் எனக்குப் பக்கத்து டேபிள். வாய் கொஞ்சம் ஜாஸ்தி. சர்ச் பாட்டுக்கு ராகமே வராது, ஆனாலும் பாடுவாள்.

போன வருஷம் ஆர்டர் இல்லை என்று எங்கள் லைனில் பதினாலு பேரை நிறுத்தினார்கள். மூன்றே வாரத்தில் ஆர்டர் வந்தது. ஆனால் அவர்களைக் கூப்பிடவில்லை. டீ டைமில் ஓ.டி. பேப்பர்தான் வந்தது... ஷிப்ட் முடிந்தும் நின்று கூடுதல் நேரம் வேலை பார்க்க இஷ்டம் இருக்கிறவர்கள் பெயர் எழுதலாம்.

முதல் பெயர் என்னுடையது. வெட்கமாகத்தான் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். மகள் அப்போதுதான் நர்சிங் சேர்ந்திருந்தாள். பிலோமினாவும் எழுதினாள். எல்லாரும் எழுதினோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிலோமினா பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் கோவிந்தம்மாவைப் பார்த்திருக்கிறாள். அந்தப் பதினாலு பேரில் ஒருத்தி. "ஆர்டர் ஏதாச்சும் வந்துச்சா புள்ள?" என்று கேட்டாளாம். இவள் "இன்னும் இல்ல" என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் ஓ.டி. பேப்பர் வந்தது. பிலோமினா தன் பெயரை எழுதவில்லை. கோவிந்தம்மா, மஞ்சுளா, சாந்தி... என்று பதினாலு பேரையும் எழுதினாள். டோக்கன் நம்பரோடு!

சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, "என்னம்மா இது? இவங்கதான் வேலையில இல்லையே?" என்றார்.

"வேலை இருக்குதுங்களே சார்."

அவர் பேப்பரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. "உனக்கென்னடி, உன் வூட்டுக்காரரு லாரி ஓட்டறாரு" என்று மூஞ்சிக்கு நேராகவே சொன்னேன்.

"அவருக்கு லோடு கெடச்சு ஒரு மாசம் ஆவுது. நானுந்தான் ஓ.டி. பாத்தேன். கோவிந்தம்மாகிட்ட பொய் சொன்னதுல இருந்து சோறு எறங்கல புள்ள" என்றாள். அவ்வளவுதான்... என்னைத் திட்டவில்லை.

அன்று ஷிப்ட் முடிந்ததும் நானும் ஓ.டி.க்கு நிற்காமல் பஸ் ஏறிவிட்டேன். அடுத்த நாள் இன்னும் நாலு பேர். வெள்ளிக்கிழமை பேப்பர் காலியாகவே திரும்பிப் போனது.

அவளை மட்டும் இரண்டு மாதம் பேக்கிங்கில் போட்டார்கள். நாள் முழுக்க நின்றபடி வேலை. "நின்னா தொப்பை கொறையும்" என்று சிரித்தாள்.

ஆனால் ஆபீஸிலிருந்து அந்தப் பதினாலு பேருக்கும் ஒவ்வொருவராகப் போன் போனது. பத்துப் பேர் திரும்பி வந்தார்கள். மற்ற நாலு பேருக்கு அதற்குள் வேறு வேலை கிடைத்திருந்தது.

கோவிந்தம்மா வந்த அன்றைக்கே பிலோமினா போய், பொய் சொன்னதை ஒப்புக்கொண்டாள். "அன்னிக்கே தெரியும் புள்ள. உன் மொகம் பொய்க்கு ஆவாது" என்றாள் அவள்.

நாளைக்குப் பிலோமினா ஊர் சர்ச்சில் பூசை, அப்புறம் அடக்கம். லைன் முழுக்க லீவு கேட்டோம். ஞாயிற்றுக்கிழமை ஓ.டி.க்கு வந்து அந்த நாள் வேலையை முடித்துத் தரச் சொன்னார்கள். பேப்பர் வந்தது... ஒருத்தர் பாக்கி இல்லாமல் எழுதிவிட்டோம்.

இந்த ஓ.டி.க்கு நீ ஒன்றும் சொல்ல மாட்டாய்.

போய்ட்டு வாடி பிலோமினா...