எழுத்துக்கூட்டிப் படித்த தந்தி

பேத்தி ஆங்கிலப் பாடத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். அந்தச் சத்தம் கேட்டால் இன்றும் எனக்கு அந்தத் தந்திதான் நினைவுக்கு வரும்.

நாங்கள் அந்தமானில் ரங்கத் என்ற ஊரில் இருந்தபோது மெட்ராஸிலிருந்து தந்தி வந்தது. எங்களுக்கு ஆங்கிலம் படித்துச் சொல்லும் ஒரே ஆளான ஆபீஸ் கிளார்க் போர்ட் பிளேர் போயிருந்தார். ஏபிசிடி மட்டும் தெரிந்த நான் எழுத்துக்கூட்டினேன். சித்தியின் பெயர்தான் பிடிபட்டது.

“தந்தின்னாலே சாவுதானடி!” அம்மா மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். கிணற்றடிக்குப் போய்த் தங்கைக்காகத் தலை முழுகினாள்.

நான்காம் நாள் திரும்பிய கிளார்க் படித்துப் பார்த்தார். “உடம்பு ரொம்ப மோசம், உடனே வான்னுதான் இருக்கு. மெட்ராஸ் ஜஹாஜ் நேத்தே போயிடுச்சேம்மா!”

அடுத்த கப்பலில் வந்த கடிதம் தமிழில் இருந்தது. தந்தி கொடுத்த பிறகு சித்தி ஒன்பது நாள் வாசலையே பார்த்துக் கிடந்துதான் செத்தாளாம்.

அம்மா இரண்டாம் முறை அழவில்லை. அதன்பிறகு என்னை எதையும் படிக்கச் சொன்னதும் இல்லை.