முப்பத்தொரு நிறுத்தங்கள்

எங்கள் டிரைவர் அண்ணனுக்கு டிப்போவில் ‘மெதுவடை’ என்று பட்டப்பெயர். இருபத்தேழு வருடம் ஒரே தடத்தில் ஓட்டியவர், ஒரு நாய்மீதுகூட ஏற்றியதில்லை. அதில் பத்தொன்பது வருடம் அவர் வண்டியில் நான்தான் கண்டக்டர். ‘சீக்கிரம் போங்கண்ணே’ என்று கத்திக் கத்தியே எனக்குத் தொண்டை போனது.

ஓய்வு பெற்றபின் அவருக்கு இருந்த ஒரே பயம், அப்பாவைப் போல ஆகிவிடுவோமோ என்பது. அவர் அப்பாவுக்கு எழுபதில் நினைவு தப்பியது. குளிப்பாட்டிச் சோறூட்டிய மகனையே ‘யாருப்பா நீ?’ என்று ஆறு வருடம் கேட்டுவிட்டுத்தான் போனார். அதைப் பார்த்தவர் சும்மா இருப்பாரா? சிகரெட்டை விட்டார். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை தவறியதில்லை. காலையில் ஒரு மணி நேரம் நடை. தன் மூளையை நாலு வருடமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தார்.

நடை முடிந்ததும் பரீட்சை. எங்கள் தடத்தின் முப்பத்தொரு நிறுத்தங்களையும் வரிசையாகச் சொல்ல வேண்டும், பிறகு தலைகீழாக. அண்ணி எதிரே பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முடிந்ததும் ‘சரி’ என்பார். அதற்குப் பிறகுதான் அண்ணனுக்குக் காலைச் சாப்பாடு இறங்கும்.

அண்ணியைப் பற்றி நாங்கள் யாருமே பேசியதில்லை. அண்ணனுக்கு உப்பில்லாமல் ஒரு சமையல், மற்றவர்களுக்கு ஒரு சமையல் என்று ஐந்து மணிக்கே எழுந்துவிடுவார். முன்பு வேலை பார்த்த தையல் கம்பெனிச் சிநேகிதிகளைப் பார்க்கப் போவதை நிறுத்தி நாளாகிவிட்டது. தலைவலி என்பார். கேட்டால், “தைலம் தேய்ச்சா போயிடும் தம்பி.” நானும் சரி என்று தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், எங்களுக்கெல்லாம் கண் இருந்தும் பிரயோஜனமில்லை.

போன மாதம் ஒருநாள் அண்ணன் என் வீட்டு வாசலில் வந்து நின்றார், பேயறைந்த முகத்தோடு.

“நேத்து வேணும்னே மரக்கடை ஸ்டாப்பை விட்டுட்டுச் சொன்னேன்டா. சும்மா சோதிச்சுப் பார்க்கத்தான். கையில பேப்பரை வச்சிக்கிட்டே சரிங்கறா.”

“கவனிச்சிருக்க மாட்டாங்கண்ணே.”

“இன்னைக்கும் விட்டேன். இன்னைக்கும் சரின்னா.” அவர் வாசற்படியில் உட்கார்ந்தார். “என்னையே காத்துக்கிட்டு இருந்தேன். அவ நினைவு போய்க்கிட்டு இருக்கு, எனக்குத் தெரியல.”

மறுநாள் மூவரும் டாக்டரிடம் போனோம். கிளம்பும்போது அண்ணி வரவே மாட்டேன் என்றார், அடுப்பில் வேலை இருக்கிறதாம். டாக்டரம்மா முதலில் அண்ணிக்குப் பிரஷர் பார்த்தார். பார்த்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். நூற்றுத் தொண்ணூறு.

“கடைசியா எப்ப பிரஷர் பார்த்தீங்கம்மா?”

“இவருக்கு மாசாமாசம் பார்க்கிறோமே” என்றார் அண்ணி.

அண்ணன் மரக்கடை விஷயத்தை மென்று விழுங்கிச் சொல்லி முடித்தார். அண்ணி முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு களைத்த குரலில், பட்டியல் இல்லாமல், முப்பத்தொரு நிறுத்தங்களையும் சொன்னார். நான் விரல் விட்டு எண்ணினேன். மரக்கடை இருந்தது. ஒன்றும் தப்பவில்லை.

“அப்ப ஏன் சரின்னே?” என்றார் அண்ணன்.

“மரக்கடையை மட்டுமா விட்டீங்க? வாட்டர் டேங்க்கை நீங்க சொல்லாம விட்டு மூணு மாசமாச்சு. ஒருநாள் தப்புன்னு சொன்னேன். அன்னைக்குப் பூரா நீங்க சாப்பிடல. அப்புறம் நான் சொல்லல. ராத்திரி தூக்கமும் வரல.”

 

டாக்டரம்மா அண்ணனிடம் திரும்பினார். ஒரு நிறுத்தம் மறந்ததை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது, முறையாகச் சோதித்துப் பார்ப்போம் என்றார். “மறதி நோயை வராமலே தடுத்துடுவேன்னு யாரும் சத்தியம் பண்ண முடியாது. ஆபத்தைக் குறைக்கலாம், அவ்வளவுதான். பிரஷர், தூக்கம், நடை, நாலு பேரோட பேச்சு. இது ஒருத்தருக்கு மட்டும் இல்ல, ரெண்டு பேருக்கும்.” அண்ணிக்கும் மாத்திரை எழுதினார்.

திரும்பும்போது எங்கள் தடத்து பஸ்ஸில்தான் ஏறினோம். வாட்டர் டேங்க் நிறுத்தத்தில் வண்டி நின்றபோது அண்ணன் அதன் பெயர்ப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நேற்றுக் காலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். இருவரும் நடந்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார்கள். அண்ணன் தண்ணீர் டம்ளரோடு அண்ணிமுன் நின்றார்.

“மாத்திரை போட்டியா?”

“போட்டேன், சரியா?”

“உன் சரியை நான் நம்ப மாட்டேன். அட்டையைக் காட்டு.”

காட்டினார். அதன்பிறகு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள், அண்ணி மடியில் பட்டியல். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தொடங்கினார். பதினேழு வரை வந்தார். அடுத்தது பழைய பாலம் என்றார்.

“இல்லங்க, வாட்டர் டேங்க்” என்றார் அண்ணி.

அண்ணன் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார். பிறகு முதல் நிறுத்தத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.