நான் ஸ்டேஷன்லதான் நிக்கிறேன்!

"என்ன சார், ஏதாவது கம்ப்ளெயின்ட்டா?"

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓர் ஏட்டு என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. கேட்கமாட்டாரா பின்னே? பெரம்பலூரில், எங்கள் தெரு முனையில் இருக்கிற போலீஸ் ஸ்டேஷன் வாசலில், புதுச் சட்டை, புது வேட்டி, கையில் பன்னீர்ச் சொம்போடு ஒரு ஆள் மணிக்கணக்காக நின்றால்?

"கம்ப்ளெயின்ட் எல்லாம் இல்லைங்க. சம்பந்தியம்மா வராங்க" என்றேன்.

அவர் என்னையும் சொம்பையும் மாறி மாறிப் பார்த்தார். சம்பந்தியம்மாவை ஸ்டேஷனுக்கு வரவழைக்கிற அளவுக்கு என்ன பிரச்னையோ என்று நினைத்திருப்பார். "சரி, ஓரமா நில்லுங்க சார். ஜீப்பு வரும்."

ஓரமாக நின்றேன். நின்று என்ன புண்ணியம்? அன்றைக்கு நடந்த கூத்து எனக்கே இன்னும் முழுசாகப் புரியவில்லை. உங்களிடம் சொன்னாலாவது புரிகிறதா பார்க்கிறேன்.

என் மகள் கயல்விழிக்கு ஏழாம் மாதம். பயணம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதால் வளைகாப்பை எங்கள் வீட்டிலேயே வைத்தோம். பதினோரு மணியிலிருந்து பன்னிரண்டரைக்குள் நல்ல நேரம். முதல் வளையல் மாமியார் கையால்தான் போடவேண்டும் என்று கயல் பிடிவாதமாக இருந்தாள். அதற்குக் காரணம் இருக்கிறது... காரணம் நான்தான்!

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் கல்யாணம். மண்டபத்துக்கு இரண்டு கேட். மாப்பிள்ளை வீட்டு வேனை வரவேற்க நான் முன் கேட்டில் சந்தனம், பன்னீரோடு ஒரு மணி நேரம் நின்றேன். அவர்களோ பின் கேட் வழியாக வந்துவிட்டார்கள். அங்கே சமையல்காரர்கள் காய்கறி இறக்கிக்கொண்டிருந்தார்கள். 'வாங்க' என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. "பூசணிக்கா மூட்டைக்கு நடுவுல இறங்கினோம் சம்பந்தி" என்று சம்பந்தியம்மா அன்றைக்கு ஒரே ஒரு தடவைதான் சொன்னார். விழுப்புரத்தில் கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஒரு தடவை சொன்னதை மறுபடி சொல்லமாட்டார். ஆனால் அதற்கப்புறம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. தீபாவளி, பொங்கல் எதற்கும். போனில் 'நல்லா இருக்கீங்களா'வோடு சரி.

இந்த வளைகாப்புக்குத்தான் முதல்முறையாக வருகிறேன் என்றார். கயல் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அப்பா, இந்தத் தடவையாவது அத்தைய ஒழுங்கா கூட்டிட்டு வந்துடு. அவங்க மனசு நொந்து உக்காந்திருந்தா எனக்கு வளையலே வேணாம்."

வயிற்றுப் பிள்ளைக்காரி சொல்கிறாள். விளையாட்டா?

ஒழுங்காக எப்படிக் கூட்டிவருவது? விழுப்புரத்திலிருந்து திருச்சி பஸ் ஏறினால் நேராகப் பெரம்பலூர். நாலு ரோட்டில் இறங்கினால் முடிந்தது. அவரும் அப்படித்தான் சொன்னார். நான் பேசாமல் 'சரிங்க' என்றிருக்கலாம் இல்லையா? இருந்தேனா?

வளைகாப்புக்கு அழைத்த போனில் பேச்சோடு பேச்சாக, ஜெர்மனியில் இருக்கும் மூத்த மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்த கதையைச் சொன்னார் சம்பந்தியம்மா. "அவன் ஊர்ல புதுசா டிராம் லைன் போட்டிருக்காங்க சம்பந்தி. ரோட்டுலயே ஓடுற ரயில். நான் ரயிலை வுட்டு இறங்கினா எதிர்லயே டிராம் நிக்குது. ரெண்டுக்கும் ஒரே டிக்கெட்டு. ரயில் லேட்டுன்னா டிராம் காத்துக்கிட்டு இருக்கு. தனியாவே போயி தனியாவே வருவேன். நம்ம பக்கம் இதெல்லாம் எங்க..."

அந்த 'எங்க' இருக்கிறதே, அது எனக்குச் சுருக்கென்றது.

எங்கள் ஊர் மாவட்டத் தலைநகரம். ஆனால் ஒரு அடி தண்டவாளம் கிடையாது. எலெக்‌ஷன் வந்தால் மட்டும் எங்களுக்கு ரயில் வரும்; ஓட்டு எண்ணி முடிந்ததும் போய்விடும். ரயில் பிடிக்க நாங்கள் அரியலூருக்குத்தான் ஓடவேண்டும். இப்போதுதான் அரியலூர் ரயிலுக்குப் பொருத்தமாகப் பெரம்பலூருக்கு ஒரு லிங்க் பஸ் விட்டிருக்கிறார்கள். ரயில் வந்ததும் வாசலில் நிற்கும், ஆள் ஏறினதும் கிளம்பும். இரண்டு வாரத்துக்கு முன்னால் இந்தப் பத்திரிகையில் இதே பக்கத்தில் அதைப் புகழ்ந்து எழுதியிருந்தேனே... படித்தீர்கள்தானே?

"எங்க ஊர்லயும் அதெல்லாம் வந்துடுச்சு சம்பந்தியம்மா!" என்றேன். "நீங்க ரயில்லயே வாங்க. அரியலூர்ல இறங்கினா வாசல்லயே லிங்க் பஸ். உங்க டிராம் மாதிரிதான்."

"அப்படியா?" என்றார். அந்தக் குரலில் கொஞ்சம் மரியாதை தெரிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாப்பிள்ளை முந்தின நாளே வந்துவிட்டார். "மாமா, நான் பைக்கை எடுத்துட்டு அரியலூர் போயி அம்மாவக் கூட்டிட்டு வரேனே" என்றார். கூடவே கூடாது என்றேன். இது நான் பட்ட கடன், நான்தான் அழைக்கவேண்டும். அவர் எதிரிலேயே சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டேன்.

"ரயிலை வுட்டு இறங்கினதும் லிங்க் பஸ் நிக்கும். நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க. நான் ஸ்டேஷன்லயே நின்னு கூட்டிட்டுப் போயிடறேன்."

"சரிங்க சம்பந்தி. ஸ்டேஷன்ல பாக்கலாம்" என்றார்.

இதில் என்ன தப்பு? நீங்களே சொல்லுங்கள். பெரம்பலூர்க்காரனைக் கேட்டுப் பாருங்கள், ஒரு தப்பும் இல்லை என்பான்!

ஞாயிறு காலை எட்டே காலுக்கே போய் நின்றுவிட்டேன். எட்டே முக்காலுக்குப் போன். "சம்பந்தி, இறங்கிட்டேன்."

"வாங்க வாங்க! நான் ஸ்டேஷன் வாசல்லதான் நிக்கிறேன்."

ஒரு மணி நேரம். ஏட்டு விசாரித்தது இந்த இடைவெளியில்தான். ஒன்பதே முக்காலுக்கு லிங்க் பஸ் வந்து நின்றது. சொம்பைத் தூக்கிப் பிடித்தேன். கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர், சாக்கு மூட்டையோடு ஒருவர், குழந்தையோடு ஒரு பெண்... அவ்வளவுதான். பஸ் காலி. உள்ளே ஏறி சீட்டுக்கு அடியில்கூடப் பார்த்தேன். கண்டக்டர் முறைத்தார்.

போன் போட்டேன். "சம்பந்தியம்மா, எங்க இருக்கீங்க?"

"ஸ்டேஷன்லதான். ஒரு மணி நேரமா உக்காந்திருக்கேன். நீங்க எங்க?"

"நானும் ஸ்டேஷன்லதான் நிக்கிறேன்!"

"நான் வாசலுக்கே வந்துட்டேன். காணோமே?"

"வேப்பமரத்துக்குக் கீழ பாருங்க."

"மரத்துக்கிட்டதான் நிக்கிறேன்."

மரத்தைச் சுற்றி வந்தேன். யாரும் இல்லை.

"எதிர்ல டீக்கடை தெரியுதுங்களா?"

"தெரியுது."

"பக்கத்துல ஒரு போலீஸ்காரர் நிக்கிறாரா?"

"ஆமா, நிக்கிறாரு. அவருகிட்ட வேணா போன குடுக்கட்டுமா?"

நான் ஏட்டைப் பார்த்தேன். அவர் பக்கத்தில் யாரும் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்துபோனேன். அதே மரம், அதே டீக்கடை, அதே போலீஸ். ஆளை மட்டும் காணோம்!

அப்போது போனில் அந்தப் பக்கம் தடதடவென்று பெரிய சத்தம். சம்பந்தியம்மா கத்தினார்: "இருங்க சம்பந்தி... கூட்ஸ் வண்டி போவுது, ஒண்ணும் கேக்கல."

கூட்ஸா? போலீஸ் ஸ்டேஷனில் ஏது கூட்ஸ்?

அய்யய்யோ...

அறுபது வருஷமாக நாங்கள் 'ஸ்டேஷன்' என்றால் அது போலீஸ் ஸ்டேஷன்தான். எங்களுக்கு வேறு ஸ்டேஷன் ஏது? 'ஸ்டேஷன் ஸ்டாப்பு ஒண்ணு குடுங்க' என்றால் டவுன்பஸ் கண்டக்டர் இங்கேதான் இறக்கிவிடுவார். விழுப்புரத்துக்காரருக்கோ ஸ்டேஷன் என்றால் ரயில்வே ஸ்டேஷன். அரியலூருக்கே வந்து அழைத்துப்போகிறேன் என்று நான் சொன்னதாக அவர் நினைத்திருக்கிறார். லிங்க் பஸ் டிரைவர் இரண்டு தடவை கூப்பிட்டாராம். இவர்தான் "எங்க சம்பந்தி வராரு, அவரோட வரேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். என்னை நம்பி! ரயிலையும் பஸ்ஸையும் நிமிஷக் கணக்காகச் சேர்த்துவைத்தவர்கள், ஒரு வார்த்தையைச் சேர்த்துவைக்க மறந்துவிட்டார்கள்.

இரண்டாவது தடவையாக அந்த அம்மாவை ஒரு வாசலில் அநாதையாக நிறுத்திவிட்டேன். வெட்கமாக இருந்தது. "அங்கயே இருங்க, இதோ வந்துடறேன்!" என்றேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கேட்டால்தானே? போனைக் கட் செய்துவிட்டு, எதிரில் வந்த அரியலூர் பஸ்ஸில் தாவி ஏறிவிட்டேன். கையில் சொம்போடு.

வழியில் பேரளியில் சிமென்ட் லாரிகள் வரிசை கட்டி நின்றன. பஸ் நகரவில்லை. உள்ளே ஸ்பீக்கரில் குத்துப்பாட்டு. பிரேக் போடும்போதெல்லாம் பக்கத்து சீட்டுக்காரர் தோளில் பன்னீர் தெளித்தது. "என்ன சார், கல்யாணமா?" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டு, தெரிந்த சாமி பேரையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அரியலூர் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. நல்ல நேரம் ஆரம்பம். வேப்பமரம் இருந்தது. டீக்கடை இருந்தது. ரயில்வே போலீஸ்காரர்கூட இருந்தார். சம்பந்தியம்மா இல்லை!

போனை எடுத்தால் அவரிடமிருந்து ஏழு மிஸ்டு கால். குத்துப்பாட்டில் எனக்கு எங்கே கேட்டது? உடனே திருப்பிப் போட்டேன்.

"சம்பந்தி, எங்க நிக்கிறீங்க?" என்றார்.

"ஸ்டேஷன்ல..."

"எந்த ஸ்டேஷன்?"

"அரியலூர்... ரயில்வே ஸ்டேஷன்" என்றேன்.

"நான் உங்க வூட்டு வாசல்ல நிக்கிறேன்" என்றார். "நானே பஸ் ஸ்டாண்டு போயி வந்துடறேன்னு சொல்றதுக்குள்ள வச்சுட்டீங்களே. பேரளில எதிர் பஸ்ஸுல உங்களப் பாத்தேன். எழுந்து நின்னு கையக் காட்டினேன். நீங்க கண்ண மூடிட்டு என்னமோ சொல்லிக்கிட்டு இருந்தீங்க."

அதாவது, நான் யாருக்காக வேண்டிக்கொண்டிருந்தேனோ அந்த அம்மாவே எதிரில் வந்து கைகாட்டியிருக்கிறார். நான் பார்க்கவில்லை.

பின்னால் மைக் சத்தம், பெண்களின் சிரிப்பு, வசந்தா யாரையோ அதட்டுகிற சத்தம். வசந்தா என் மனைவி. சம்பந்தியம்மா கையிலிருந்த போனைப் பிடுங்கி, "ஏங்க, பொண்ணுக்கு வளையல் போடுற நேரத்துல ரயில் பாக்கப் போயிட்டீங்களா?" என்றாள்.

நல்ல நேரம் எனக்காகக் காத்திருக்குமா? அது என்ன டிராமா? "எனக்காக நிறுத்தாதீங்க. ஆரம்பிச்சுடுங்க" என்றேன். சொல்லிவிட்டு அந்த வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரே பெண். அவள் கையில் முதல் வளையல் ஏறுவதைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. கண் கலங்கிவிட்டது. டீக்கடைக்காரர் கேட்காமலேயே ஒரு டீ கொண்டுவந்து கொடுத்தார். ரயிலைத் தவறவிட்டவன் என்று நினைத்திருப்பார்.

ஊர் திரும்பி, கண்டக்டரிடம் 'போலீஸ் ஸ்டேஷன் ஸ்டாப்பு' என்று முழுசாகச் சொல்லி இறங்கினேன். மணி ஒன்று. ஏட்டு இன்னும் அங்கேதான் நின்றிருந்தார். "என்ன சார், சம்பந்தியம்மா கெடச்சாங்களா?" என்றார். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நடந்தேன்.

வீட்டுக்கு வந்தவர்கள் பாதிப் பேர் சாப்பிட்டுக் கிளம்பிவிட்டார்கள். வாசலில் செருப்புகளைத் தாண்டி எப்படி உள்ளே போவது, அந்த அம்மா முகத்தில் எப்படி விழிப்பது என்று நின்றேன். இனி இந்த ஜென்மத்துக்கும் அவர் இந்தப் படி ஏறப்போவதில்லை என்று முடிவே கட்டிவிட்டேன்.

உள்ளேயிருந்து சம்பந்தியம்மாதான் வந்தார். பின்னாலேயே கயல், இரண்டு கையும் முழங்கை வரைக்கும் வளையல். அவள் முகத்தில் சிரிப்பு தாங்கவில்லை.

சம்பந்தியம்மா என் கையிலிருந்த பன்னீர்ச் சொம்பை வாங்கினார். ஆட்டிப் பார்த்தார். அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதை என் தலையில் தெளித்தார்.

"வாங்க சம்பந்தி, வாங்க" என்றார். "முன் வாசல் இதுதானே?"

கயல் வளையல் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அழுதுகொண்டேதான் சிரித்தேன், அது வேறு விஷயம். இரண்டு வருஷத்துப் பூசணிக்காய் மூட்டை என் நெஞ்சிலிருந்து இறங்கிவிட்டது. அவர் நெஞ்சிலிருந்தும்தான். அன்றைக்கு எனக்கு இலை போட்டதும் அவர்தான், கூடவே உட்கார்ந்து புளிச்சாதம் பரிமாறினதும் அவர்தான்.

சாயங்காலம் கிளம்பும்போது, "விழுப்புரத்துக்கு நேர் பஸ்ஸுலயே போயிட்டு வரேன் சம்பந்தி. கோவிச்சுக்காதீங்க" என்றார். அப்புறம் ஒரு சந்தேகம் கேட்டார், கணக்கு டீச்சர் இல்லையா?

"ஆமா, அந்த லிங்க் பஸ் எப்படி இருக்கும்? நான்தான் ஏறல. நீங்க பத்திரிகையிலயே எழுதியிருக்கீங்களே, சொல்லுங்களேன்."

அடுத்த தடவை வரும்போது சொல்கிறேன் என்று சமாளித்தேன்... அதற்குள் நானும் ஒரு நாளாவது அதில் போய்ப் பார்த்துவிட வேண்டும்!